பெயருக்குப் பின்னால் இருந்த காந்தம்

காந்தத்தோடு வேலை செய்து சம்பளம் வாங்கிய ஒரு மனிதன், தன் நெஞ்சிலேயே ஒரு காந்தத்தை மாட்டிக்கொண்டு ஆறு வாரம் திரிந்தும் அதை உணரவில்லை என்றால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? சிரமப்பட்டு யோசிக்க வேண்டாம். பொருத்தமான வசைகள் அத்தனையையும் என் மனைவி ஏற்கனவே சொல்லி முடித்துவிட்டாள். அந்த மனிதன் நான்தான்.

இந்த ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமார் கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்திருப்பீர்கள்: காந்தம் வைத்த பெயர் பேட்ஜ் அணிந்து உள்ளே வரக்கூடாது. ஏன் என்று பழைய ஆட்களிடம் கேட்டால் பதில் வராது, சிரிப்புத்தான் வரும். அவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் சொன்னால் நான் இன்னும் பெரிய முட்டாளாகத் தெரிவேன். நான் சொன்னால் அளவான முட்டாளாகத் தெரிவேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்வது எனக்குப் புதிதல்ல. மன்னார்க் கத்தோலிக்கன். சின்ன வயதிலேயே முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்து பழகியவன். இந்தக் கதையையும் ஒருநாள் சுவாமியாரிடம் சொல்லத் தொடங்கினேன். அவர் பாதியில் நிறுத்தி, "காந்த மணி எண்டால் என்ன?" என்று கேட்டுவிட்டார். பாவத்தைவிட விளக்கம் நீண்டுபோய், பின்னால் வரிசையில் நின்றவர்கள் நான் ஏதோ கொலை செய்துவிட்டு வந்தவன் என்று நினைத்திருப்பார்கள்.

உங்களுக்கு இது தெரிந்ததுதான். ஆனால் வீட்டில் யாராவது எடுத்துப் படித்தால் புரியட்டும் என்று சுவாமியாருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இரத்தத்தில் எண்ணி மாளாத செல்கள் ஓடுகின்றன. வைத்தியருக்கு வேண்டியவை அவற்றுள் மிகச் சில. அந்தச் சிலவற்றில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய காந்த மணிகளைக் கலக்கிறோம். தனித்தனியாக அவை கண்ணுக்குத் தெரியாது. கூட்டமாகச் சேர்ந்தால் தேத்தண்ணிக் கறை போலத் தெரியும். பிறகு அந்தத் திரவத்தை, தீப்பெட்டி அளவு சிலிக்கோன் துண்டுக்குள், தலைமயிர் அகலத்தில் வெட்டிய வாய்க்காலில் ஓடவிடுகிறோம். அந்தத் துண்டுக்குத்தான் சிப் என்று பெயர். பக்கத்தில் ஒரு காந்தம் இருக்கும். மணி ஒட்டிய செல்கள் அந்தப் பக்கம் சாய்ந்து ஒரு வாயால் வெளியேறும். மற்றவை நேரே போய் மற்ற வாயால் வெளியேறும். அவ்வளவுதான். எழுதினால் நாலு வரி. செய்து பார்த்தால் என் பத்து வருடம்.

பத்து வருடமாக நான் கட்டிய சிப்புக்கு ஒரு குணம் இருந்தது. அதற்கு இழுக்கத் தெரியும், விடத் தெரியாது. மணி ஒட்டிய செல்கள் காந்தத்தின் பக்கம் ஓடி வந்து, வாயால் வெளியே போகாமல் சுவரோடு ஒட்டி நின்றுவிடும். கலியாண வீட்டில் பந்திக்குப் போகிறவர்கள் வாசலை மறித்து நின்று கதைப்பது போல. பின்னால் வருகிறவர்கள் இடிப்பார்கள், வாய்க்கால் அடைக்கும், நான் சிப்பைக் கழற்றிக் குப்பையில் போடுவேன். ஆய்வுகூடத்தை நடத்தும் பேராசிரியை கேட்டால், "கிட்டத்தட்ட வந்துவிட்டது" என்பேன். பத்து வருடம் கிட்டத்தட்ட வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் நித்யா வந்தாள்.

கோயம்புத்தூர்ப் பெண். முப்பது வயது இருக்கும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் சிட்னிக்கு வந்து பிளாக்டவுனில் வீடெடுத்திருந்தாள். முதல் நாள் எல்லோரிடமும் கை குலுக்கிக்கொண்டு வந்தாள். பேராசிரியையை இந்த ஊர் வழக்கப்படி பெயர் சொல்லி அழைத்தாள். பட்டறைத் தலைவரையும் பெயர் சொல்லி அழைத்தாள். அன்று காலைதான் சேர்ந்த வியட்நாம் மாணவனையும் பெயர் சொல்லி அழைத்தாள். பிறகு என்னிடம் வந்து, முகம் மலர, "வணக்கம் அங்கிள்" என்றாள்.

மரியாதைக்குத்தான் சொன்னாள், எனக்கும் தெரியும். டூங்கபியில் என் தெருவில் பாதிப் பிள்ளைகள் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் வேலையிடத்தில் அந்தச் சொல் என்னை ஒரே நொடியில் ஆராய்ச்சியாளர் வரிசையிலிருந்து தூக்கி, பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டும்போது பின்னால் நிற்கும் ஆட்கள் வரிசையில் வைத்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் வியட்நாம் மாணவனும் அங்கிள் என்றான். இரண்டாம் வாரம் பேராசிரியை ஒரு கூட்டத்தில், "இதை நாம் அங்கிளிடம் கேட்போமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அது என் செல்லப்பெயர் என்று நினைத்துவிட்டார்.

அதையாவது பொறுத்திருப்பேன். அவளுடைய சிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

வாய்க்காலின் பக்கத்தில் காந்தத்தை வைக்காமல், அடித்தளத்தில் மெல்லிய நிக்கல் கோடுகளைச் சாய்வாகப் பதித்திருந்தாள். காந்தம் சிப்புக்கு அடியில். மணி ஒட்டிய செல் வந்ததும் கோட்டைப் பிடித்துக்கொள்ளும்; ஓடும் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளும்; அது கோட்டின் வழியே சறுக்கிக்கொண்டு போய் ஓரத்து வாயில் விழும். நிற்பதும் இல்லை, அடைப்பதும் இல்லை. வாரக் கூட்டத்தில் அந்த வீடியோவைக் காட்டினாள். பேராசிரியை கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். "மறுபடி ஓட்டு" என்றார். என் பத்து வருட வீடியோக்களில் ஒன்றைக்கூட அவர் மறுபடி ஓட்டச் சொன்னதில்லை. சிலவற்றை முதல் முறையே பாதியில் நிறுத்தியிருக்கிறார். சாய்வாகக் கோடு போடுவது. அவ்வளவுதான் விஷயம். பள்ளிக்கூடத்து அடிமட்டம் வைத்து நானும் போட்டிருக்கலாம். அதுதான் என்னை அரித்தது.

பொறாமை வந்தால் ஆள் எவ்வளவு சின்னவனாகிவிடுவான் என்பதற்கு நானே சாட்சி. அவள் திரையில் பக்கங்களைக் காட்டும்போது எழுத்துப் பிழை தேடினேன். ஒன்று அகப்பட்ட நாளில் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். மாலையில் இருவரும் ஒரே ரயிலில் மேற்கே போகிறவர்கள் என்பதால், அவள் ஏறும் பெட்டியைப் பார்த்து நான் வேறு பெட்டியில் ஏறினேன். இதற்கெல்லாம் மேலாக, நான் அங்கிள் இல்லை என்று உலகுக்கு அறிவிக்க ஒரு பேட்ஜ் செய்வித்தேன். "மரியதாஸ், மூத்த தொழில்நுட்ப அதிகாரி." மூத்த என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். அலுவலகத்துப் பெண், "ஊசி வைத்ததா, காந்தம் வைத்ததா?" என்று கேட்டாள். ஊசி துணியைக் கிழிக்கும் என்று காந்தத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதை ஆய்வுகூட வெள்ளைக் கோட்டின் மேல் பையில் மாட்டினேன். பெயர் வெளியே, காந்தம் பைக்கு உள்ளே.

கோட்டைக் கழற்றினால் பேட்ஜைச் சட்டைக்கு மாற்றிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டபோது மனைவி வாசலில் மறித்தாள்.

"உதை என்னத்துக்குக் குத்தியிருக்கிறீங்கள்?"

"மறந்துபோய்க் குத்திட்டன்."

"யேசுவுக்கு உங்களை அடையாளம் தெரியாதோ? கழட்டிப்போட்டு வாங்கோ."

இனித்தான் விஷயம். ஆஸ்பத்திரி ஒன்று அவளுடைய சிப்பில் ஆர்வம் காட்டியது. அங்கிருந்து இருவர் வந்து பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் அவளுடைய ஒப்பந்தம் நீளும். பிடிக்காவிட்டால் அதே மாதம் அது முடிகிறது. வேலையோடு கட்டிய விசாவும் முடியும். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் வருகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். செய்தவள் கையில் மட்டும் ஓடினால் போதாது. அதே ஆய்வுகூடத்தில் வேறொருவர், அவள் பக்கத்தில் இல்லாமல், அதே முடிவைப் பெற வேண்டும். பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். "இங்கே மிகக் கவனமான கை உன்னுடையது" என்றார். ஆறு வார அவகாசம்.

என் கையைப் பற்றி அவர் சொன்னது சரி. என் நெஞ்சைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

முதல் முறை ஓட்டினேன். ஓரத்து வாய்க்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் செல்கள் வந்தன. பிறகு எங்கிருந்தோ ஒரு கட்டி வந்து கோட்டில் சிக்கி, வாய்க்கால் அடைத்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குக் கவலை வரவில்லை. பசி வந்தது. பல நாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும். ஒவ்வொன்றையும் நேர்மையாகக் குறித்துக்கொண்டேன். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

நடந்தது என்னவென்றால் இதுதான். மாதிரியைத் தயாரிப்பது ஐந்தாம் மாடி; ஓட்டுவது மூன்றாம் மாடி. குப்பியை அதற்கென்று இருக்கும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. எனக்கு ஒரு கையில் சிப் இருக்கும், மறுகையில் கதவு திறக்கும் அட்டை இருக்கும். ஆகவே மூடிய குப்பியை வெள்ளைக் கோட்டின் மேல் பையில் போட்டுக்கொள்வேன். அங்கே, துணிக்கு உள்பக்கம், என் பதவியின் காந்தம் காத்திருந்தது. அந்த லிஃப்ட் மெதுவானது. அதிலும் நான் நேரே போகிற ஆளில்லை. நாலாம் மாடியில் யாராவது ஏறினால் அவர் இறங்கும் மாடியில் நானும் இறங்கி நின்று கதைப்பேன். கதை வேறெதைப் பற்றி? "அவளுடைய சிப் இருக்கிறதே, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மற்றவன் கையில் ஓட வேண்டுமே." நான் கதைக்கக் கதைக்க, பைக்குள் மணி ஒட்டிய செல்கள் ஒவ்வொன்றாக என் பெயரை நோக்கி நகர்ந்து குப்பியின் சுவரில் ஒட்டிக்கொண்டன. நான் நடுவிலிருந்து உறிஞ்சும் திரவத்தில் அவை மிகக் குறைவு. சுவரிலிருந்து கழன்று வருபவை கட்டியாக வரும். அவளைப் பற்றி எவ்வளவு நேரம் புறணி பேசினேனோ அந்த அளவுக்கு அவளுடைய சிப் தோற்றது. குப்பியில் நான் ஒட்டிய வெள்ளை லேபல் அந்தக் கறையை மறைத்துவிட்டது. லேபலை ஒட்டுவதிலும் நான் மிகக் கவனமானவன்.

மூன்றாம் தோல்விக்குப் பிறகு நித்யா என் மேசைக்கு வந்தாள்.

"அங்கிள், குப்பியக் குலுக்கிட்டீங்களா?"

"இல்லைப் பிள்ளை. நீர் எழுதி வைச்ச மாதிரித்தான். ரெண்டு தரம் மெதுவாப் புரட்டினனான்."

"என் கையில ஓடுது. உங்க கையில ஏன் அடைக்குதுன்னு புரியல. அடுத்த தடவை பக்கத்துல நான் நிக்கட்டுமா? எதையும் தொடமாட்டேன்."

"கூடாது. தனியாச் செய்யச் சொல்லித்தானே விதி. நீர் நிண்டால் பிறகு அது தனி ஆள் சோதனை இல்லை."

"ஆமா, அதுவும் சரிதான்." போகத் திரும்பியவள் நின்றாள். "எங்க தப்பு பண்றேன்னு நீங்களே சொல்லுங்க அங்கிள். பத்து வருஷமா இதே வேலைதானே பாக்குறீங்க."

அவள் நம்பிக் கேட்டாள். எனக்கோ, பத்து வருடமாக இதே வேலையைத்தான் பார்க்கிறாய், என்ன கிழித்தாய் என்று கேட்டது. "கோட்டை அகலமாக்கிப் பாரும்" என்றேன். அதற்கு ஏதாவது காரணம் வைத்திருந்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன். அவள் போய், இரவு பகலாக உழைத்து, கோடுகளை அகலமாக்கிய புது சிப் செய்தாள். அது அவள் கையிலேயே முன்னைவிட மோசமாக ஓடியது. அதன் பிறகு அவள் என்னிடம் வந்து கேட்பதை நிறுத்தினாள். வாரக் கூட்டங்களில் குரல் தணிந்தது. தன் கையில் ஓடியதெல்லாம் தற்செயலோ என்று அவளே நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

நான் இரண்டு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பதினான்கு முறை ஓட்டினேன், முடிவை மீளப் பெற முடியவில்லை.

கூட்டம் நடக்கவிருந்த நாள் காலை ஒன்பது மணி. அறிக்கையோடு காட்ட ஒரு வீடியோவும் இருந்தால் நல்லது என்று தோன்றியது. யாரும் கேட்கவில்லை. அடைப்பு எப்படி ஏற்படுகிறது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்ற என் நல்லெண்ணம். போகும் வழியில் குசினியில் கோப்பியை வெள்ளைக் கோட்டில் ஊற்றிக்கொண்டேன். பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கோட்டைச் சலவைக்குப் போட்டு, அலுமாரியிலிருந்து வேறு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். குப்பி வழக்கம்போலப் பையில். லிஃப்ட் வழக்கம்போல மெதுவாக.

சிப் ஓடியது.

ஒரு செல்லும் நிற்கவில்லை. கோட்டைத் தொட்டதும் வரிசையாகச் சறுக்கி ஓரத்து வாயில் விழுந்துகொண்டே இருந்தன. எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு ஏன் ஓடுகிறது, யார் கை வைத்தது? அவள்தான் வந்து எதையோ மாற்றியிருக்கிறாள் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அதாவது அவளுடைய சிப்பை அவளே களவாகச் சரியாக ஓட வைத்துவிட்டாள் என்று. பொறாமைக்காரனின் துப்பறியும் திறமை அவ்வளவுதான்.

ஐந்தாம் மாடிக்குப் போய் இன்னொரு குப்பி எடுத்து வந்து ஓட்டினேன். அதுவும் ஓடியது.

அப்போதுதான் முதல் முறையாக நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஆறு வாரத்தில் செய்யாத எதை இன்று செய்தேன்? கோப்பி. கோட்டு. வேறென்ன? ஒன்றும் தோன்றாமல் குசினிக்குப் போய் பேட்ஜை எடுத்து வந்து, இடுக்கி கிடந்த தட்டில் போட்டேன். இடுக்கி துள்ளி வந்து அதன் முதுகில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

 பேட்ஜைப் பையில் மாட்டி, லேபல் ஒட்டாத குப்பி ஒன்றை உள்ளே போட்டு, ஒரு லிஃப்ட்டும் ஒரு புறணியும் ஆகும் நேரம் நின்றேன். வெளியே எடுத்துப் பார்த்தேன். குப்பிச் சுவரில், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு பழுப்புப் பொட்டு. பேட்ஜின் முதுகில் இருந்த இரண்டு காந்த வில்லைகளின் தடம். என் பெயர் அவளுடைய செல்களுக்கு அழகாகப் பொட்டு வைத்திருந்தது.

மணி பத்தேகால். கூட்டம் பதினொன்றுக்கு.

அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பினேன். ஏனென்றால் இந்தத் தொழிலில் அப்படியொரு முக்கால் மணி நேரம் உங்களுக்கும் வரும். காந்தத்தோடு வராவிட்டாலும் வேறு எதோடாவது வரும்.

என்ன நடந்தது என்று தெரிந்த ஆள் நான் மட்டும். பேட்ஜைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு அறிக்கையை அப்படியே விட்டுவிடலாம். பதினான்கு தோல்வி நடந்தது உண்மைதானே. அப்படிச் செய்ய மனம் வரவில்லை. நான் அவ்வளவு கெட்டவன் இல்லை என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுத்துவிட்டு அதைவிடக் கெட்ட காரியத்தில் இறங்கினேன். கணினியில் அறிக்கையைத் திறந்து, கடைசி வரியை அழித்து, புது வரி தட்டினேன்: "முடிவுகள் கலவையாக உள்ளன."

அந்த வரியை நன்றாகப் பாருங்கள். அதில் ஒரு பொய் கிடையாது. பதினான்கு தோல்வி, இரண்டு வெற்றி; கலவைதான். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் தலையை ஆட்டி, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்பார்கள். அந்த இன்னும் கொஞ்சத்துக்குள் அவளுடைய ஒப்பந்தம் முடிந்துவிடும். என் பேட்ஜும் என் மானமும் தப்பும். வழக்கமாக நான் எழுதும் பொய்யை நானே கண்டுபிடித்துவிடுவேன். எழுத்துப் பிழை தேடிப் பழகியவன். ஆனால் இந்த வரி எனக்கே அழகாகத் தெரிந்தது. அழகாகத் தெரிந்ததற்கே பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அச்சடிக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

தாளை எடுக்கப் போகும் வழியில் கூட்ட அறை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நித்யா தனியாக நின்று, வெற்றுக் கதிரைகளுக்குப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பக்கம்: எங்கள் வடிவமைப்பின் குறைபாடு. நல்ல ஆங்கிலத்தில், நிதானமாக, தன் சிப் ஏன் மற்றவர் கையில் அடைக்கிறது என்று விளக்கினாள். என் அறிக்கையில் இருந்த வாக்கியங்கள்தான். என் பொய்யை அவள் என்னைவிட நன்றாகச் சொன்னாள். கேட்டவர்கள் நம்பிவிடுவார்கள், நானே ஒரு கணம் நம்பினேன். அதுவும் பொறுக்கவில்லை எனக்கு. என் மடத்தனத்தைக்கூட அவள்தான் திறமையாக எடுத்துச் சொல்ல வேண்டுமா?

என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். மனச்சாட்சி கொஞ்சம் இருந்தது. மீதி, அதே பொறாமைதான்.

கதவைத் தட்டினேன். "பிள்ளை, அந்தப் பக்கத்தை அழியும்."

"எந்தப் பக்கம்?"

"இப்ப திரையில நிக்கிற பக்கம். அது பிழை. பழைய சிப், கோடு அகலமாக்காதது, ஒண்டாவது வைச்சிருக்கிறீரோ?"

"ஒண்ணு இருக்கு. ஏன் அங்கிள்?"

"அதை எடுத்துக்கொண்டு வாரும். மிச்சத்தை நான் கூட்டத்தில சொல்லுறன்."

அவளிடம் தனியாக முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் தைரியம் வரவில்லை. பலர் முன்னால் முட்டாளாக நிற்பது எனக்குச் சுலபம். ஒருத்தி முன்னால் நிற்பது கஷ்டம்.

கூட்டத்தில் சொன்னேன். குப்பியைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னேன், முடிவில் எடுத்துக் காட்டினேன். இரண்டு பொட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வைத்தியர் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேராசிரியை மட்டும் சிரிக்காமல் கேட்டார்:

"அப்படியானால் ஆறு வாரமாக நீ உன் பெயரை வைத்துச் செல்களைப் பிரித்திருக்கிறாய்?"

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது.

அறை முழுக்கச் சிரித்தது. நித்யா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எழுந்து, அந்த மிஞ்சிய ஒரே சிப்பை எடுத்துக்கொண்டு எல்லோரையும் மூன்றாம் மாடிக்குக் கூட்டிப் போனாள். அந்த வைத்தியரையே குப்பியைப் பெட்டியில் கொண்டுவரச் சொல்லி, அவர் கையாலேயே ஓட்ட வைத்தாள். ஓடியது. ஒப்பந்தம் நீண்டது.

பிற்பகல் பேராசிரியை என்னைத் தன் அறைக்கு அழைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முதல் தடவை அது அடைத்தபோது உனக்கு என்ன தோன்றியது?"

"சந்தோஷம்" என்றேன்.

"அன்றைக்கே என்னிடம் வந்து, இந்தச் சோதனைக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்."

இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பாடம் அது. பேட்ஜைப் பற்றிய தாள் கதவில் இருக்கிறது. இதை யாரும் கதவில் ஒட்ட மாட்டார்கள். மற்றவருடைய வேலையைச் சோதிக்கும்போது அது தோற்றால் உங்களுக்குப் பசி எடுக்கிறதா என்று பாருங்கள். எடுத்தால் குப்பியைக் கீழே வைத்துவிட்டு வேறு ஒருவரைக் கூப்பிடுங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வயிற்று வலி என்று சொன்னாலும் போதும், அது பெரிய பொய்யும் இல்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. அவளுடைய சிப்பின் படம் ஆளுயரத்துக்கு நடைகூடத்தில் தொங்குகிறது. அதைக் கடந்துதான் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது, ஓய்வு பெறும்வரை. என் பத்து வருடக் காந்தங்கள் இப்போது குசினிக் குளிர்சாதனப் பெட்டியில், யார் எப்போது பாத்திரம் கழுவ வேண்டும் என்ற பட்டியலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இழுக்கத்தான் தெரியும், அந்த வேலைக்கு அது போதும். அவள் மெல்பேர்னில் பேசப் போகிறாள், பரிசு வாங்குகிறாள் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ சாய்வாக நகர்ந்து ஓரத்துக்குப் போகிறது. வித்தியாசம் என்னவென்றால், இப்போது அது நகர்வது எனக்குத் தெரிகிறது.

கூட்டம் நடந்த அன்று மாலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

ரெட்ஃபேர்ன் ரயில் நிலையத்தில் அவள் ஏறிய பெட்டியிலேயே ஏறினேன். எதிர் இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ட்ராத்ஃபீல்டில்தான் வாய் திறந்தேன். அதற்குப் பிறகு வந்தது நிற்கவில்லை. வீடியோவை மறுபடி ஓட்டச் சொன்ன நாளிலிருந்து தொடங்கினேன். எழுத்துப் பிழை தேடியதைச் சொன்னேன். கோட்டை அகலமாக்கச் சொன்னதற்குக் காரணம் இல்லை என்று ஓபர்னில் சொன்னேன். அந்தச் சிப்பைச் செய்ய அவள் தூங்காமல் கிடந்தது எனக்குத் தெரியும் என்றேன். கலவையாக உள்ளன என்ற வரியை அச்சடித்ததையும் கிரான்வில் தாண்டும்போது சொல்லிவிட்டேன். அதை நான் சொல்லியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. பரமட்டாவில் பாதிப் பேர் இறங்கினார்கள். வெஸ்ட்மீடில் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு வயதான சீன அம்மா கடதாசிக் கைக்குட்டை நீட்டினார். நித்யா எல்லாவற்றையும் கேட்டாள், ஒன்றுக்கும் தலையாட்டவில்லை.

"நீர் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டி வந்திருக்கும், பிள்ளை. அது தெரிஞ்சுகொண்டுதான் செய்தனான். மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேக்கிறன். நாளைக்கு வேலையில முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கதைப்பீரோ? அதையாவது சொல்லும்."

என் நிலையம் நெருங்க ரயில் மெதுவானது. அவள் முதல் முறையாக ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டூங்கபி வந்துருச்சு, இறங்குங்க."